பொறுப்புக் கேப்டன்

பிப்ரவரி 11
கடலிலிருந்து

பல்லுக்காரருக்கு,

நேற்று போனில் நான் கத்தியதில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டதெல்லாம் "ஹலோ, ஹலோ, இருக்கியா?" மட்டும்தான். இருக்கிறேன். கப்பலின் இணையத்துக்குக் கடிதம் சுமக்கிற அளவுக்குத்தான் உயிர் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கேப்டனுக்குப் பக்கவாதம். முந்தாநாள் காலைச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். உப்புக் குப்பியை எடுக்கக் கை நீட்டினார். கை குப்பிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. "என்ன சார்?" என்றேன். சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. கரை ரொம்பத் தூரமில்லாததால் ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டும்போது நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "ப... ப..." என்றார். "பயப்படாதே" என்றாரா, "பார்த்துக்கோ" என்றாரா, தெரியவில்லை.

அப்புறம் கம்பெனி மேலாளர் பேசினார். "உங்ககிட்டதான் கேப்டன் சான்றிதழ் இருக்கே மேடம். அடுத்த துறைமுகம் வரைக்கும் நீங்கதான் பொறுப்புக் கேப்டன். அங்க வேற ஒருத்தரை ஏத்திவிடுறோம்" என்றார், கடைக்குப் போய்விட்டு வருகிறவரை வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

சான்றிதழ் இருப்பது உண்மைதான். போன வருஷம் நீதானே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாய். ஆனால் இந்தக் கப்பலில் இரண்டாம் இடத்தில் நான் அதிகாரம் பண்ணியதெல்லாம், எனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான். நேற்று சுக்கான் பிடிக்கிற மாலுமி "கேப்டன்!" என்று கூப்பிட்டான். நான் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தேன். சுவரில் தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது, வேறு யாருமில்லை. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற போசன் அடக்கவில்லை. போசன் என்றால் மேல்தளத்து மாலுமிகளுக்கெல்லாம் தலைவர்; நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கப்பலேறியவர். அவர் சிரித்தால் கப்பலே சிரித்த மாதிரி.

கேப்டன் அறையில் தங்கச் சொல்கிறார்கள். பெரிய அறை, சோபா எல்லாம் உண்டு. கட்டிலுக்கடியில் அவருடைய செருப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. எனக்கு அங்கே படுக்க மனசு வரவில்லை. என் பழைய அறையிலேயே முடங்கிக்கொள்கிறேன்.

போகட்டும், கொஞ்ச நாள் கூத்து. அடுத்த துறைமுகத்தில் என் தவணையும் முடிகிறது, இறங்கிவிடுவேன். மாதக் கடைசியில் உன் பக்கத்தில் இருப்பேன். நம் வாண்டு சாப்பிடுகிறாளா, இல்லை சாப்பிட்டதாகச் சொல்கிறாளா?

உன்
கடல்காரி


பிப்ரவரி 13
வீடு

கடல்காரிக்கு,

உன் கடிதத்தை வேலை அறையில் வைத்து வாசித்தேன். எதிர் மேஜையில் யாரோ ஒரு பெரியவருக்காக நான் செய்துவைத்த மேல்வரிசைப் பல் செட்டு என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி வைத்துவிட்டு இரண்டாவது தடவை வாசித்தேன்.

உன் கேப்டன் பிழைத்துக்கொள்வாரா? பாவம் மனுஷன். அவர் "பார்த்துக்கோ" என்றுதான் சொல்லியிருப்பார். நீ பயப்படுவாய் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. வெளியே தெரியாமல் பயப்படுவதில் நீ கெட்டிக்காரி. எனக்கு மட்டும்தான் தெரியும், பயந்தால் நீ கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்வாய்.

அக்காவிடம் சொன்னேன். உன் நாத்தனாரைத்தான் தெரியுமே, "பொண்ணுக்கு எதுக்குடா கப்பல், குளியல் தொட்டி போதாதா?" என்று கல்யாணப் பேச்சின்போதே கேட்டவள். சாயங்காலத்துக்குள் நம் கட்டடத்தின் மாடிப்படி முழுக்கச் செய்தி ஏறி இறங்கிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்த்து "வாங்க, கேப்டன் புருஷன்" என்கிறார். சட்டைக்குக் காஜா எடுக்கக் கொடுத்தால் முன்னுரிமை கிடைக்கிறது.

வாண்டுவிடமும் சொன்னேன். பென்சில் சீவிக்கொண்டே யோசித்தாள்.

"கேப்டன் சொன்னா கப்பல் கேக்குமாப்பா?"

"கேக்கும்."

"அப்போ வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

அந்தப் பென்சிலை வாங்கி நான் சீவினேன்.

உன் தலையணை உறையை இன்னும் மாற்றவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்.

சீக்கிரம் வா.


பிப்ரவரி 20
துறைமுகம்

பல்லுக்காரருக்கு,

நீ உட்கார்ந்துகொண்டு வாசி. நான் இறங்கவில்லை.

வரவேண்டிய கேப்டன் உடல்தகுதிச் சோதனையில் தேறவில்லையாம். வேறு ஆள் கையில் இல்லை. முகவர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஈரமான துணி வாடை அடிக்கிற அறை. திரையில் மேலாளர். "சரக்கு முழுக்கத் தானியம் மேடம், இங்க நிறுத்தி வைக்க முடியாது. மறுகரை வரைக்கும் நீங்களே கொண்டுபோயிடுங்க, மூணு வாரம்தான். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்றார்.

"முடியாது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது.

ஏன் என்று கேட்காதே, நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனைக்கும் அன்று காலைதான் மானம் போயிருந்தது. துறைமுகத்துக்கு வெளியே, கப்பலை உள்ளே கொண்டுபோகும் வழிகாட்டி அதிகாரி இன்னும் ஏறாத நேரம். குறுக்கே மீன்பிடிப் படகுகள் கொத்தாக வந்தன. இடது பக்கம் ஒதுங்குவதா, வேகத்தைக் குறைப்பதா? எனக்கு அடுத்தவனான இரண்டாவது அதிகாரியிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்றேன். அவன் ஒன்று சொன்னான். போசன் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வேறொன்று சொல்லிற்று. சுக்கான் பிடித்தவன் "ஆர்டர் சொல்லுங்க கேப்டன், ஆர்டர்" என்று கெஞ்சினான். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு படகு எங்கள் முகப்பைத் தொடாத குறையாகக் கடந்து போயிற்று. அதில் ஒருவன் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அண்ணாந்து என்னைப் பார்த்தான். குவளையிலிருந்து ஆவி வந்தது கூடத் தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

இரண்டு பேரிடம் யோசனை கேட்டதில் தப்பில்லை. மூன்றாவதாக என்னைக் கேட்க மறந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இந்தக் கப்பலில் யாரிடமும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் சாப்பாட்டு அறையில் என் மேஜையில் வம்பு பேச வருவார்கள். இப்போது நான் போனால் பேச்சு நின்று கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

உன்னிடம் கேட்காமல் சரி சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள். ஆனால் எழுது.


பிப்ரவரி 26
வீடு

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. வராதது கூடப் பரவாயில்லை. இதுதான் நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது.

நீ வருகிறாய் என்று அலமாரியில் உன் பக்கத்தைக் காலி செய்து துடைத்து வைத்தேன். இப்போது அதைத் திறந்தால் வெறும் மரவாசனை. பேசாமல் என் சட்டைகளையே திரும்ப அடுக்கிவிட்டேன்.

வாண்டுவுக்கு நல்ல காய்ச்சல் வந்து போயிற்று. உனக்குச் சொல்லவில்லை. மருத்துவர் "அம்மா எங்கே?" என்று கேட்டார். "கடல்ல" என்றேன். அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்து, தோளில் தட்டிக்கொடுத்து, கட்டணம் வேண்டாம் என்றுவிட்டார். வெளியே வந்த பிறகுதான் அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று புரிந்தது. திரும்பிப் போய் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தயாரில்லை என்று நீயே எழுதுகிறாய். பயம் என்கிறாய். பிறகு எதற்குச் சரி? இந்த வீட்டுக்கு நானும்தான் தயாரில்லாத கேப்டன். சடை பின்னத் தெரியாது, கணக்குச் சொல்லித்தரப் பொறுமை கிடையாது. என்னை யாரும் திரையில் கூப்பிட்டு "முடியாதுன்னா சொல்லிடுங்க" என்று கேட்கவில்லை.

வேறொன்றுமில்லை.


பிப்ரவரி 27
கப்பல்

மதிப்புக்குரிய கணவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் கேட்காமல் முடிவெடுத்தது தவறு. நீங்கள் என் மகளின் காய்ச்சலை என்னிடமிருந்து மறைத்ததற்கு என்ன பெயர் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

கப்பல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.


மார்ச் 1
வீடு

அம்மா தாயே,

"நீங்கள்" போட்டுவிட்டாய். வீட்டில் நீ எனக்கு "நீங்க" போட்டால் அடுத்து சமையலறையில் பாத்திரம் உருளும். இங்கே உருட்ட ஆளில்லாமல் பாத்திரமெல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

காய்ச்சலைச் சொல்லாதது தப்புதான். அங்கிருந்து நீ என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். நீ அவளை நினைத்துக்கொண்டிருப்பாயே, அவளுக்கு அது வேண்டுமே என்று தோன்றவில்லை. நெற்றி சுட்டபோது அவள் "அம்மா கை ஜில்லுனு இருக்கும்" என்றாள். நான் என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துவிட்டு வந்து வைத்தேன். கண்ணைத் திறக்காமலே "இது ஈரம்தான், ஜில்லுனு இல்ல" என்றுவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி அக்காவிடம் அடி வாங்குகிற அளவுக்கு.

எழுது. திட்டியாவது எழுது. காலையில் கடிதப் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பல் செய்யப் போனால் எல்லாமே கோணலாக வருகிறது.


மார்ச் 6
கப்பல்

பல்லுக்காரருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதத் தொடங்கினேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அதை முதலில் சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

புயலொன்று எங்களுக்கு முன்னாலேயே கடந்து போயிருந்தது. காற்று அடங்கிவிட்டது, அலை அடங்கவில்லை. கரையிலிருந்து எல்லாக் கப்பல்களுக்கும் செய்தி: ஒரு மீன்பிடிப் படகைக் காணவில்லை, வழியில் தென்பட்டால் உதவவும். முந்தாநாள் நடுப்பகலில் எங்கள் ஆள்தான் பார்த்தான். சின்னப் படகு, எஞ்சின் செத்து, அலைமேல் ஏறுவதும் பள்ளத்தில் மறைவதுமாக. நான்கு பேர். மூன்று பேர் சட்டையைக் கழற்றி வீசிக்காட்டினார்கள். ஒருவர் படுத்திருந்தார்.

கப்பலைத் திருப்பச் சொன்னேன். அதில் எனக்குத் தயக்கமே வரவில்லை. தயக்கமெல்லாம் பக்கத்தில் போன பிறகுதான்.

நம் கப்பல் ஒரு தெரு நீளம். அந்த அலையில் படகு நம் பக்கவாட்டில் ஒட்டினால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கிவிடும். நாங்கள் மீட்புப் படகை இறக்கினால், தண்ணீரைத் தொடும் முன்பே அது கப்பலில் மோதலாம். தண்ணீரும் பிஸ்கட்டும் கட்டிக் கயிறு எறிந்தோம். முதல் கயிறு அறுந்தது. இரண்டாவது கயிறு எட்டவில்லை.

போசன் மேலே வந்தார். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"நான் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு இறங்குறேன் கேப்டன்."

"இந்த அலையிலயா?"

"இதைவிட மோசத்துல இறங்கியிருக்கேன். அந்த ஆளு படுத்துக் கிடக்குறதைப் பாருங்க. அவருக்கு நேரமில்லை."

தொலைநோக்கியில் பார்த்தேன். படுத்திருந்தவரின் தலையை இளைஞன் ஒருவன் மடியில் வைத்திருந்தான். எங்களைப் பார்த்துக் கையாட்டக்கூட இல்லை. ஒரு துணியால் அவர் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தான்.

கரையைக் கேட்டேன். "அலை சாயங்காலம் இறங்கும்னு தெரியுது. ஆனா அது கேப்டனோட முடிவு" என்றார்கள். மேலாளரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இரண்டாவது அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். இந்த முறை என்னையும் கேட்டேன். எனக்கும் தெரியவில்லை.

"இறங்கக் கூடாது. அலை இறங்கட்டும், காத்திருப்போம்" என்றேன்.

 போசன் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

கப்பலை அலை வரும் பக்கம் கொண்டுபோய், படகுக்கு மறைப்பாக நிறுத்தினேன். மதியம் முழுக்க அப்படியே. அவர்கள் கத்துவது முதலில் கேட்டது. அப்புறம் கத்துவதை விட்டுவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. சமையல்காரர் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். அது ஆறி, மேலே ஆடை படிந்தது. நம் ஆட்கள் எல்லோரும் கைப்பிடிக் கம்பி ஓரம் நின்று கீழே படகைப் பார்த்தார்கள், மேலே என்னைப் பார்த்தார்கள். என் கால் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது.

வெயில் சாய்ந்தபோது அலை உயரம் குறைந்தது. "இறக்குங்க" என்றேன். போசனும் இரண்டு பேரும் போனார்கள். நான்கு பேரையும் கொண்டுவந்தார்கள். மூன்று பேர் உயிரோடு.

படுத்திருந்தவர் இறந்திருந்தார். உடம்பில் சூடு இன்னும் இருந்தது.

மடியில் வைத்திருந்த இளைஞன் அவருடைய தம்பி. ஏணியேறி வந்ததும் என் எதிரே நின்று ஏதோ கேட்டான். அந்த மொழி எனக்குத் தெரியாது. என்ன கேட்டான் என்பது தெரியும்.

மதியமே அனுப்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ? அனுப்பியிருந்தால் போசனின் உயிர் போயிருக்குமோ? இதை மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எப்போதும் போல எனக்குப் பின்னால் ஒருவர் இருந்திருந்தால் நான் அவர்மேல் கோபப்பட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

எதையாவது எழுது. கோபமாக இருந்தாலும் சரி.


மார்ச் 7
வீடு

கண்ணம்மா,

மூன்று தடவை எழுதி எழுதி அழித்தேன். ஆறுதல் சொல்ல வந்தால் எனக்கே பொய் மாதிரி கேட்கிறது.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவ சரியாத்தான் செஞ்சிருப்பா" என்று உடனே சொல்லிவிட்டாள். உன் நாத்தனார் வாயிலிருந்து அது வருவதைக் கேட்க நீ இங்கே இல்லையே என்றிருந்தது. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. நீ செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. அங்கே நின்றது நீ. நான் இங்கே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று நினைத்தேன். போசனுக்கும் கூட இறங்கத் தயாரான அந்த இரண்டு பேருக்கும் எங்கோ வீடு இருக்கும். அங்கே ஒருத்தி காலையில் எழுந்ததும் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். நேற்றும் பார்த்திருப்பாள், இன்றும் பார்த்திருப்பாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. அந்த மதியம் அவளுக்கு என்ன ஆகவிருந்தது என்பதும் தெரியாது. எனக்குத் தெரிகிறது, நானும் அந்த வரிசையில் நிற்கிறவன்தானே.

அந்தத் தம்பி துணியால் நிழல் பிடித்ததும் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டையும்தான் சொல்ல முடிகிறது.

எதற்குச் சரி சொன்னாய் என்று உன்னைக் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சாப்பிடு. அதை ஆறவிட்டு ஆடை படியவிடாதே. எழுதும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும், எனக்கு வருவது உன் கையெழுத்து இல்லை, கணினி எழுத்துதான், நடுக்கம் தெரியாது. அதனால் சொல்லிவிடு.


மார்ச் 14
மறுகரைத் துறைமுகம்

பல்லுக்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். கை நடுங்கவில்லை. கால்தான், மண்ணில் வைத்ததும் தள்ளாடிற்று.

மூன்று பேரையும் அதிகாரிகள் வந்து அழைத்துப் போனார்கள். அந்த அண்ணனையும், வெள்ளைத் துணியில். தம்பி படியிறங்கும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் என்னை நிம்மதிப்படுத்துவது அவன் வேலையில்லையே.

அன்றிலிருந்து போசன் என்னோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று நங்கூரம் போட்டுவிட்டு மேலே வந்து, கை துடைத்துக்கொண்டே நின்றார்.

"நான் இறங்கியிருந்தா கவிழ்ந்திருக்கலாம். கவிழாமலும் இருந்திருக்கலாம். எனக்கு இன்னும் தெரியல கேப்டன்."

"எனக்கும் தெரியல."

"தெரியாமலே ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்? நல்லவேளை, அது நான் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேரும் நின்றபடியே குடித்தோம்.

நம் பழைய கேப்டனின் மனைவி போன் பண்ணினார். கேப்டன் இன்னும் சரியாகப் பேசுவதில்லையாம். காலையில் கண் விழித்ததும் "கப்பல் எங்க?" என்று மட்டும் தெளிவாகக் கேட்கிறாராம். மனைவி வாய்க்கு வந்த ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லிவைப்பாராம். "இனிமே நிஜமான இடத்தைச் சொல்லுங்க, நான் தினமும் அனுப்புறேன்" என்றேன். போனிலேயே அழுதுவிட்டார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இங்கே புதுக் கேப்டன் ஏறுகிறார். நான் விடுப்பில் வருகிறேன். இரண்டு மாதம் கழித்து இந்தக் கப்பலை எனக்கே நிரந்தரமாகத் தருகிறோம் என்கிறார்கள். மேலாளர் பதிலுக்கு அவசரப்படுத்தினார். "வீட்ல கேட்கணும்" என்றேன்.

அந்த மதியத்துக்குப் பிறகு இனி யாருக்கும் ஆணையிடவே வேண்டாம் என்று ஒரு மனசு. இன்னொரு மனசு சொல்வதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய்?


மார்ச் 15
வீடு

கடல்காரிக்கு,

நீ கேட்டாய். அந்த வரியை மட்டும் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

நான் "போ" என்றால், நாளைக்கு ஏதாவது ஆகும்போது புருஷன் சொன்னதால் வந்தேன் என்று உனக்குள் ஓர் ஓரம் சொல்லும். "போகாதே" என்றால், ஒவ்வொரு முறை வீட்டு ஜன்னலில் நின்று நீ வெளியே பார்க்கும்போதும் எனக்குக் குற்றவுணர்ச்சி வரும். இரண்டும் எனக்கு வேண்டாம். சரியா, வேண்டாமா என்பதை நீ சொல்.

அதற்காக நான் ஒன்றும் கேட்காத மகான் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். எனக்கு நீ வேண்டும். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற நீ, நான் சொல்லும் நகைச்சுவைக்கு முடிவதற்குள் சிரித்துக் கெடுக்கிற நீ. ராத்திரி திரும்பிப் படுத்தால் முழங்கால் இடிக்க வேண்டும். இது இல்லாமல் மாதக்கணக்காக இருக்க எனக்குத் தெரியும், பழகியும் இருக்கிறேன். பிடித்திருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன் இன்னொரு மனசு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் முதல் முறையாகத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கப்பல்களைக் காட்டினாயே, அப்போது நான் கப்பலைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைத்தான் கட்டிக்கொண்டேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நீ எதைச் சொன்னாலும் அலமாரியில் உன் பக்கத்தை மறுபடி காலி செய்கிறேன். சட்டைகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.


மார்ச் 18
துறைமுக விடுதி

பல்லுக்காரருக்கு,

புதுக் கேப்டன் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். பொத்தானெல்லாம் பளபளவென்று, ரொம்ப மிடுக்காக வந்தார். மற்றவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "தனியா ஒரு கப்பலை எடுக்குறது இதுதான் முதல் தடவை. நீங்க திடீர்னு எடுத்தீங்களாமே, எப்படிச் சமாளிச்சீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் என்னமோ பெரிதாகச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தோன்றிற்று. "நின்னு கிளம்பும்போது எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். சமையல்காரர் கோபப்பட்டா உப்பு கூடும். போசன் சிரிச்சா கண்டுக்காதீங்க, சிரிக்கலைன்னா என்னன்னு கேளுங்க" என்றேன். அவர் அதையெல்லாம் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டார்.

மேலாளரிடம் பதில் சொல்லிவிட்டேன். சரி என்று சொன்னேன். இந்த முறை நான் சொல்ல நினைத்த வார்த்தைதான் வாயிலிருந்து வந்தது.

இன்னும் கொஞ்சம் பழகி, தயாரான பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் அன்று மதியம் நான் எவ்வளவு தயாராக இருந்திருந்தாலும் அலை அதே உயரம்தான் இருந்திருக்கும். அந்தத் தம்பி அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பான். பதில் தெரிந்தவர் யாராவது வருவார்கள் என்று இவ்வளவு நாள் காத்திருந்தேன். அப்படி ஒருவர் கிடையாது என்று தெரிந்துகொண்டவளிடம் கப்பல் இருப்பது தேவலை.

கப்பல் இன்று மதியம் கிளம்பிற்று. என் கப்பல் போவதைக் கரையில் நின்று நான் பார்த்ததே இல்லை. கயிற்றை அவிழ்க்கும்போது என் வாய் தானாக ஆணைகளை முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற காவலாளி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். மேல்தளத்திலிருந்து போசன் கை தூக்கினார். அப்புறம் அது சின்னதாகி, ஒரு தீப்பெட்டி அளவாகி, புகை மட்டும் தெரிந்தது. நான் இன்னும் நின்றுகொண்டே இருந்தேன்.

அங்கே இருந்தபோது உனக்காக ஏங்கினேன். இங்கே நின்று அதற்காக ஏங்குகிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இனி நான் எந்தப் பக்கம் இருந்தாலும் மறுபக்கம் ஒரு வலி இருக்கும். நீ கட்டிக்கொண்ட முகத்தோடு இதுவும் சேர்ந்து வருகிறது.

நாளை மறுநாள் காலை விமானம் இறங்கும். வாண்டுவை அக்காவிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வா. அவள் எதிரில் நான் சிரித்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காதே. பெட்டியை வாங்கிக் கீழே வை. தோளைக் கொடு. நான் தலையை எடுக்கிறவரை நகராதே.